தரையைப் பார்த்த டீச்சர்

எங்கள் மலையில் பிள்ளைகளுக்குப் பந்து வாங்கிக் கொடுப்பதும் காசை ஓடையில் வீசுவதும் ஒன்றுதான். மாட்டுப்பட்டிக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருக்கிறது எங்கள் பள்ளிக்கூடம். அதைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்குக்கூடச் சமதரை கிடையாது. பந்து ஒரு தடவை கை தவறினால் போயிற்று. தேயிலைத் தூருக்குள் புகுந்து, உருண்டு, கீழே ஓடையில்தான் போய் நிற்கும். இது இங்கே நடை பழகுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். சமவெளியிலிருந்து வந்த ஃபிசிக்ஸ் டீச்சருக்குத் தெரியவில்லை.

அவர் வந்த முதல் வாரம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டி வந்து, ஒரு ரப்பர் பந்தைத் தோள் உயரத்தில் பிடித்துக்கொண்டு, "இதைக் கையிலிருந்து விட்டா எங்க வருமுங்?" என்று கேட்டார். விட்ட உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வரை திரும்பி வரும் என்பது புத்தகத்தில் இருக்கிற பதில். எங்கள் பிள்ளைகள் ஒரே குரலில், "ஓடைக்குப் போயிரும் டீச்சர்" என்றார்கள். அவர் சிரித்துக்கொண்டே விட்டார். பந்து குதித்தது, படியைத் தாண்டியது, அடுத்த குதியில் ஆளைக் காணோம். வகுப்பே கூச்சல் போட்டுச் சிரித்தது. நான் பக்கத்து அறையில் தமிழ்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்து, 'வந்துட்டாங்கய்யா, இன்னொரு மேதாவி' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கீழேயிருந்து வருகிற வாத்தியார்களை நான் நிறையப் பார்த்தவள். வருவார்கள், குளிருகிறது என்பார்கள், ட்ரான்ஸ்பருக்கு எழுதிப் போட்டுவிட்டு நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பிள்ளைகள் எல்லோரும் பந்து போன திசையைப் பார்த்துக் கை கொட்டிக்கொண்டிருக்க, அவர் மட்டும் குனிந்து பந்து விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈர மண்ணில் சின்னதாக ஒரு குழி. அதை விரலால் தொட்டுப் பார்த்து, "இத்தனை அடி வாங்கியிருக்குது பாருங். ஒருத்தரும் கண்டுக்கலை" என்றார். பிள்ளைகள் அதற்கும் சிரித்தார்கள். பிள்ளைகளையே 'வாங்க, போங்க' என்று கூப்பிடுகிற டீச்சரை எங்கள் மலை அதுவரைக்கும் கண்டதில்லை. ஒரு மாசத்துக்கு எல்லாப் பயலும் 'பாருங், பாருங்' என்று அவரைப் போலவே பேசிக்கொண்டு திரிந்தான்.

அவருக்கு ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கம். தென்னந்தோப்பும் வயலுமாக வாழ்கிற குடும்பம். பரீட்சை எழுதி, எத்தனையோ வருஷம் காத்திருந்து கிடைத்த சர்க்கார் வேலை. போட்டது எங்கள் மலையில். கணவர் தோப்பை விட்டு வர முடியாது. மூன்று வயசில் ஒரு பையன். அவனை முதல் மழைக்கு இங்கே கூட்டி வந்து வைத்துக்கொண்டார். குளிர் ஒத்துக்கொள்ளாமல் பிள்ளைக்கு இளைப்பு வந்துவிட்டது. மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, பார்க்கவே பாவமாக இருந்தது. டாக்டர் கீழே கொண்டுபோகச் சொன்னார். கொண்டுபோய் விட்டுவிட்டு, தனியாகத் திரும்பி வந்தார். என் வீட்டில் ஒரு அறை சும்மா கிடந்தது. நானும் கணவர் போய்ச் சேர்ந்ததிலிருந்து ஒண்டிக்கட்டை. "இங்கனயே வந்துருங்க டீச்சர்" என்றேன். ஒரு பெட்டியும் அந்த ரப்பர் பந்தும்தான் கொண்டு வந்தார். ஓடையிலிருந்து ஒரு பயல் எடுத்துக் கொடுத்திருந்தான்.

கூட இருந்து பார்த்தால்தான் ஆளைத் தெரியும் என்பார்களே, அது சரிதான். அவர் இருப்பதே தெரியாது. டம்ளரை மேசையில் வைத்தால் சத்தம் வராது. கதவைச் சாத்தினால் சத்தம் வராது. குடத்தை இறக்கும்போது அடியில் கையைக் கொடுத்து இறக்குவார். எனக்கு ஆரம்பத்தில் பகீரென்றே இருக்கும். அடுப்படியில் திரும்பினால் பின்னாலேயே நிற்பார். "பூனை மாதிரி என்னத்துக்கு நடக்கீங்க? கொலுசாவது போடுங்க" என்று கத்துவேன். "தரைக்கு நோகுமுங்" என்பார். விளையாட்டுக்குச் சொல்கிறாரா, நிஜமாகச் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. நிஜமாகத்தான் சொன்னார்.

எதிலும் அடி வாங்கினது எது என்றுதான் அவர் கண் போகும். ஹெட்மாஸ்டர் ஒரு நாள் ப்யூனை எல்லோர் முன்னாலும் வைத்துத் திட்டி விளாசிவிட்டார். நாங்கள் எல்லோரும் ஹெட்மாஸ்டரின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு, இவருக்கு இன்று வீட்டில் என்ன சண்டையோ என்று கிசுகிசுத்தோம். ஃபிசிக்ஸ் டீச்சர் நேராக வராந்தாவுக்குப் போய், அங்கே நின்ற ப்யூனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். நான் ஒரு பெண்பிள்ளையைக் கையெழுத்துக்காகத் திட்டினால், மறுநாள் காலையில் எனக்குக் காப்பி கொடுக்கும்போது, "அந்தப் புள்ள மத்தியானம் சாப்பிடலைங் டீச்சர்" என்பார். குறை சொல்கிற தொனியே இருக்காது. அதுதான் எனக்கு எரிச்சல். திட்டினால் திருப்பித் திட்டலாம். இப்படிச் சொல்கிறவரை என்ன செய்ய?

சமதரை தேடின கதையைச் சொல்ல வேண்டும். பந்து நேராக எழும்பி நேராக வருவதைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் விடமாட்டேன் என்று இருந்தார். வகுப்பறைத் தரையும் வாசலைப் பார்த்துச் சாய்ந்துதான் இருந்தது. ஊரெல்லாம் பந்தை வைத்துப் பார்த்துக்கொண்டே போனவர், கடைசியில் எங்கள் மாதா கோயிலுக்குள் நுழைந்தார். அந்தக் காலத்துக் கல் தரை. பந்து வைத்த இடத்தில் நின்றது. கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் ஓடி வந்தார்.

"என்னம்மா இது, கோயிலுக்குள்ள பந்தா?"

"பந்து இல்லீங், பாடமுங்."

"பாடத்தைப் பள்ளிக்கூடத்துல வச்சு நடத்துறது!"

"அங்க தரை சரியில்லீங். ஆண்டவன் ஊட்டுலதான் தரை நேரா இருக்குது."

மனுஷன் சம்மதித்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, பீடத்துக்கு முன்னால் சத்தம் போடாமல், பத்தே நிமிஷம் என்றார். டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்; நானும் சாட்சிக்குப் போயிருந்தேன். பந்தை விட்டார். நேராக இறங்கி, நேராக எழும்பி, அவர் இடுப்பு உயரம் வரைக்கும் வந்தது. எங்கள் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஒருத்தி கை தட்டியே விட்டாள். "தோள்கிட்ட விட்டேன், இடுப்புக்குத்தான் வந்துச்சு. மிச்சம் எங்க போச்சு?" என்று கேட்டார். அவரே சொன்னார்: "டப்புனு ஒரு சத்தம் கேட்டுச்சில்லீங், அதுல கொஞ்சம். பந்து அமுங்குச்சில்லீங், அதுல சூடாக் கொஞ்சம். தரைக்குக் கொஞ்சம். ஒண்ணும் காணாமப் போகலைங். நம்ம கைக்குத் திரும்பி வரலை, அவ்வளவுதான்." அதற்கு மேலே ஒரு படி போய், பந்து கீழே இடிக்கும்போது பூமியும் துளி நகரும், அது ரொம்பப் பெரிசு என்பதால் நமக்குத் தெரிவதில்லை என்றார். உபதேசியார் என் காதுக்குள், "பூமியை இந்தப் பிள்ளை அசைக்குதாம்ல" என்று முணுமுணுத்தார். ஆனால் அடுத்த வாரமும் கதவைத் திறந்து விட்டது அவர்தான்.

இத்தனை பேருக்கு அடி படாமல் பார்த்தவருக்கு, தான் போய் இடிக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது அவர் பிள்ளை.

சேர்ந்தாற்போல இரண்டு மூன்று நாள் லீவு கிடைத்தால் கிளம்பிவிடுவார். மூணாறில் பஸ் ஏறி, மறையூர் இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி என்று மாறி மாறிப் போய்ச் சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பையன் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வான். ஒரு நாளோ ஒன்றரை நாளோ இடுப்பை விட்டு இறங்கமாட்டான். அப்புறம் இவர் பையைத் தூக்கும்போது ஆரம்பிக்கும் அழுகை. ரோடு வரைக்கும் கேட்குமாம். ஒரு தடவை அப்படிப் போய் வந்த மறுநாள் சாயங்காலம், கணவர் போனில் பேசினார். நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன்; ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் காதில் விழுந்தது. நல்ல மனுஷன்தான். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

"நீ வந்துட்டுப் போற ஒவ்வொரு தடவையும் பையன் ரெண்டு நாளைக்குச் சோறு திங்க மாட்டேங்கறான். காய்ச்சலே வந்துருது. என்னால பாக்க முடியலை."

டீச்சர் போனை வைத்தார். பிறகு எழுந்து வந்து, பந்தை ஒரு கையில் எடுத்து, அதே கனத்துக்கு என் மாவை உருட்டி மறு கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். ரஸ்க் வாங்கின தகர டப்பா ஒன்று காலியாக இருந்தது. அதை மேசைமேல் நிறுத்தினார். முதலில் மாவை வீசினார். சொத்தென்று ஒட்டிக்கொண்டது. டப்பா ஆடி, நின்றுவிட்டது. அடுத்து பந்தை அதே வேகத்தில் வீசினார். பந்து இடித்துத் திரும்பி வந்தது. டப்பா தடாலென்று விழுந்தது. அந்த வீட்டில் அவர் போட்ட பெரிய சத்தம் அதுதான்.

"பாத்தீங்களா டீச்சர்?"

"பாத்தேன். மாவு போச்சு."

"ஒட்டிக்கிட்டது அத்தனை தள்ளலைங். அதை நிறுத்துனாப் போதும், டப்பாவுக்கு வேலை முடிஞ்சுது. பந்தை நிறுத்தவும் வேணும், திருப்பி அனுப்பவும் வேணும். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு அடிங். வந்துட்டுத் திரும்பறதுதான் அதிகமா அடிக்குது."

நான் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். எங்கே வருகிறார் என்று புரிந்துவிட்டது.

"டீச்சர், உங்க பிள்ளை என்ன தகர டப்பாவா?"

"எனக்கு அங்கயே ஒட்டிக்க முடியாதுங். வேலையை விட்டுட்டுப் போனா, இத்தனை வருஷம் படிச்சதுக்கு அர்த்தமில்லை. அப்ப வீசாமையாவது இருக்கலாமுங். ஒரு அடியும் படாது."

"அடியாவது படட்டுமே! அழுதா அழுதுட்டுப் போறான். அழுகிற பிள்ளை மறக்காதுல்ல."

அவர் டப்பாவை எடுத்து, ஒட்டியிருந்த மாவைச் சுரண்டித் துடைத்து, நசுங்கின இடத்தை உள்ளேயிருந்து கட்டை விரலால் அழுத்திச் சரி பண்ணிக்கொண்டிருந்தார். இத்தனை படித்தவர் இப்படியொரு முட்டாள்தனம் பண்ணுவாரா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் கணக்கில் தப்பு எங்கே என்று கேட்டால், எனக்குக் காட்டத் தெரியவில்லை. நான் தமிழ் டீச்சர். 'இது நல்லால்ல' என்று மட்டும்தான் சொல்லத் தெரிந்தது.

அந்த ஓணத்துக்கு அவர் ஊருக்குப் போகவில்லை. நானும் அவரும் பாயசம் வைத்து, ஆளுக்கு ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கிறிஸ்துமஸ் லீவுக்கும் போகவில்லை. வீடியோவில் பேசுவார். பையன் அழமாட்டான். ஆரம்பத்தில் போனைப் பிடுங்கி முத்தம் கொடுத்தவன், பிறகு முகத்தைக் காட்டிவிட்டு ஓடினான், பிறகு போனில் கூரை விட்டம் மட்டும்தான் தெரியும், பிறகு "விளையாடப் போயிருக்கான்" என்று கணவர் சொல்வார். "இப்ப நல்லாச் சாப்பிடறானாமுங். காய்ச்சல் ஒண்ணும் இல்லீங்" என்று என்னிடம் சொல்லும்போது, பரீட்சையில் தேறின பிள்ளையின் பெற்றோர் மாதிரிதான் சொல்வார். சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விடுவார். நான் பின்னாலேயே போனதில்லை. போயிருந்தால் பேசியிருக்க மாட்டார். அதுவும் எனக்குத் தெரியும். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு தனி ஆட்கள். சேர்ந்து இருந்தால் தனிமை பாதியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பரீட்சையெல்லாம் முடிந்து, பேப்பர் திருத்தி முடித்து, கோடை லீவுக்குத்தான் போனார். ஒரு மாசம் இருக்கப் போவதாகச் சொல்லி, பை நிறைய ஏலக்காயும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் திரும்பி வந்து நிற்கிறார். ட்ரான்ஸ்பருக்கு எழுதிப் போட வந்தேன் என்றார். அதை அங்கிருந்தே கம்ப்யூட்டரில் போடலாமே என்று கேட்க வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"வாசல்ல போய் நின்னனுங். பையன் பாத்தான். 'வாங்க'ன்னான். உள்ள ஓடிப்போயி ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து குடுத்தான் டீச்சர்."

"நல்ல பிள்ளைதானே. நல்லா வளத்திருக்காங்க."

"எங்க ஊர்ல விருந்தாளி வந்தா அப்படித்தாங் குடுக்கோணும். ஊட்டு ஆளுக்கு யாருங் குடுப்பாங்க? நானே போயித்தானே மொண்டு குடிப்பேன்?"

நான் டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

"ஒரு சொட்டுக் கீழ சிந்தாம ரெண்டு கையிலயும் பிடிச்சுக் கொண்டாந்தானுங். அவங்கப்பா, பாத்தியா எத்தனை மரியாதை பழகியிருக்கான்னு சொல்லிச் சிரிக்கறாரு. குடிச்சேன். என்ன பண்றது, குடிச்சேன். நான் போகாததுல அவனுக்கு அடி படலைங் டீச்சர். ஒண்ணுமே படலை."

அப்போதுதான் அவர் அழுது பார்த்தேன். அதற்கும் சத்தம் வரவில்லை. முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு, தோள் மட்டும் குலுங்கியது. மாதாவே, ஒரு மனுஷி இவ்வளவு அடக்கமாகவா அழவேண்டும்! நான் அவரைப் பிடித்து உலுக்கி, "சத்தம் போட்டு அழுங்க டீச்சர், இந்தத் தரைக்கு ஒண்ணும் ஆகாது" என்று கத்தினேன். நானும் சேர்ந்து அழுதேன். என் அழுகைதான் வீடு முழுக்கக் கேட்டது.

ஆர்டர் அந்த வருஷமே வந்தது. சித்தூர்ப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம். எங்கள் ஆபீஸில் எல்லோரும், அதிர்ஷ்டம், அதிர்ஷ்டம் என்றார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் கூடப் போனேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு வந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். போகிற ஆள் பஸ்ஸைப் பார்க்கும், நேரத்தைப் பார்க்கும். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எப்பிடீங் இருக்குது?"

"எனக்கென்ன? நான் கல்லு மாதிரி இருக்கேன். நீங்க ஏறுங்க, சீட்டுப் போயிரும்."

"கல்லுக்கும் படுமுங்" என்றார்.

அந்த ஆளிடம் பொய் சொல்லித் தப்ப முடியாது. "ஏறுங்க டீச்சர்" என்று அதட்டித்தான் அனுப்பினேன். வீட்டுக்கு வந்தால், சத்தம் ஒன்றும் குறையவில்லை. அவர் இருந்தபோது இருந்தால்தானே குறைவதற்கு. ஆனாலும் அது வேறு வீடாக இருந்தது. ஒரு வாரம் வரைக்கும் அடுப்படியில் சட்டென்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

போய்ச் சேர்ந்த மறுநாளே கூப்பிட்டார். பையனைப் பக்கத்தில் படுக்க வைத்தாராம். ஒரு முழம் தள்ளிப் படுத்துக்கொண்டு, நல்ல மரியாதையாக, "நாளைக்கும் இருப்பீங்களா?" என்று கேட்டானாம். இருப்பேன் என்றாராம். சரி என்று திரும்பிப் படுத்துக்கொண்டானாம்.

மறுநாளும் கேட்டிருக்கிறான். அதற்கு மறுநாளும். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்குப் போன் பண்ணுவார், நான் எடுத்ததும் முதல் கேள்வியாக, "கேட்டானா?" என்பேன். "கேட்டானுங்" என்பார். ஒரு நாள் பெட்டியைத் திறந்து, துணியெல்லாம் உள்ளே இருக்கிறதா, பீரோவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து கேட்டானாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. "எத்தனை நாளைக்குத்தான் டீச்சர் இப்படி?" என்றேன். "அவன் நிறுத்தற வரைக்குமுங். தினமும் கேக்கட்டும். தினமும் இருக்கறேன்" என்றார். மழை போய், பனி வந்தது. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டும்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அந்தப் பிள்ளைக்காக நான் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணியிருக்கிறேன். என் சொந்தக் காரியத்துக்குக்கூட அப்படிப் பண்ணினதில்லை.

பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம் கூப்பிட்டார். எடுத்ததும், "நிறுத்திப்போட்டானுங் டீச்சர்" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. "ஒரு வாரமாக் கேக்கவே இல்லீங். நேத்து என் மேலயே காலைப் போட்டுத் தூங்கிட்டான்." ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் பையன் கத்துவது கேட்டது. மரியாதை கிரியாதை எதுவும் இல்லை. "அம்மா! பசிக்குது! எத்தன நேரம் போனு?" என்று ஒரே ரகளை. ஏதோ ஒரு பாத்திரம் தடாரென்று கீழே விழுந்தது. அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். அப்படியொரு சிரிப்பு அவருக்கு உண்டென்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. "இருங் டீச்சர், இவன் உடமாட்டேங்கறான். பொறவு கூப்பிடறேனுங்" என்று வைத்தார்.

பிறகு கூப்பிடவில்லை. வேலை இருக்கும், பிள்ளை இருக்கிறான், தோப்பு இருக்கிறது. நானாகக் கூப்பிடலாம். கூப்பிட்டால், உங்களுக்கு எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவர் கூப்பிடவில்லை என்றால், அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? சந்தோஷம்தான், ஆண்டவர் அறிய எனக்குச் சந்தோஷம்தான். நன்றாக இருக்கிறோம் என்று சொல்லவாவது அவர் ஒரு தடவை கூப்பிடலாம்.